ரொறன்ரோ – அன்னம்

அந்த அன்னத்துக்கு நாலு சில்லு. அதில் ஒன்று ஒழுங்காகச் சுழலாது. அதனால் ஆரணியை ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தபோது அன்னம் நேரே போகாமல் இடப்பக்கமாக இழுத்து இழுத்துப் போனது. பின்னால் குனிந்து தள்ளிக்கொண்டு வந்த இரண்டு பேரும் புகைக்குள் மறைந்துவிட்டார்கள். பார்த்தவர்களுக்கு, குடிவெறியில் தள்ளாடும் பறவை ஒன்று தானாக வீடு தேடி வருவதுபோல இருந்திருக்கும். அப்போது ஆரணிக்குப் பதின்மூன்று வயது. தலையில் பூப்பாரம். கையசைக்கச் சொன்னார்கள், அசைத்தாள். சிரிக்கச் சொன்னார்கள், பல்லுக்குக் கம்பி போட்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பல்வலிக்காரி பஸ்ஸுக்குக் கை காட்டுவதுபோல இருந்தது என்பது பிற்காலத்தில் அவளே வழங்கிய தீர்ப்பு.

சாமத்திய வீடு, அதுதான் பெரியபிள்ளையான சடங்கு, நடந்தது வெள்ளவத்தையில். நடத்தி வைத்தவர் ரொறன்ரோப் பெரியப்பா. அன்னமும் அவருடைய யோசனைதான். பிள்ளைகுட்டி இல்லாத மனிதர். தம்பியின் ஒரே மகளுக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று விமானமேறி வந்திருந்தார். கொட்டாஞ்சேனை வீடியோக்காரர் எல்லாவற்றையும் நாலு நிமிடத்துக்குள் அடக்கி, இடையிடையே வண்ணத்துப்பூச்சி பறக்கவிட்டு, யூரியூபில் ஏற்றினார். அந்த நாலு நிமிடத்தில் பெரியப்பா கட்டுநாயக்காவில் இறங்குவது, காரில் வருவது, படியேறுவது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவது எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் நிமிடம். ஆரணி ஒரு நிமிடம். அன்னம் தனியாக ஐம்பது விநாடி. அப்பா நவரத்தினம் இரண்டு விநாடி, அதுவும் முதுகு.

மூன்று வருடம் அந்த வீடியோ ஒருவருக்கும் தொல்லை தராமல் கிடந்தது. இந்த வருடம் ஆரணி ஓ.எல். பரீட்சை எடுக்க வேண்டும். பின்னேரங்களில் கணக்கு குறூப் கிளாஸ். அங்கே தனுஷன் என்றொருவன். அவன் எதையோ தேடப்போய் அன்னத்தைக் கண்டெடுத்தான். அடுத்த நாள் அது வட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆகிவிட்டது. அன்னத்தில் இருந்தபடி ஆரணி கையசைக்கிறாள், கீழே மினுங்கும் எழுத்தில் 'குட் மோர்னிங்'. அவளுடைய சிநேகிதி றொஷேல்தான் முதலில் காட்டினாள். காட்டும்போது அழாத குறையாக இருந்தாள். ஆரணி பார்த்துவிட்டு, எழுத்தின் நிறம் பொருத்தமில்லை என்று மட்டும் சொன்னாள். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தாள்.

இது வகுப்போடு நின்றிருந்தால் கதை இல்லை. வகுப்பிலிருந்த யாரோ ஒரு பிள்ளையின் தாய் வழியாக ஸ்டிக்கர் அம்மா அருந்ததியின் போனுக்கு வந்து சேர்ந்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மகளின் படத்தை ஊரார் ஸ்டிக்கராக அடித்து வைத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா. அதை அப்படியே குடும்ப குறூப்பில் போட்டாள். அந்த குறூப்பில் எண்பத்துநாலு பேர். அன்றிலிருந்து ரொறன்ரோவில் விடிந்தால் அன்னம், பாரிஸில் விடிந்தால் அன்னம், லண்டனில் விடிந்தால் அன்னம். பூமி சுற்றச் சுற்ற ஆரணி எங்கேயாவது ஓரிடத்தில் கையசைத்துக்கொண்டே இருந்தாள். பகிடி பண்ணுகிறார்கள் என்று ஒருமுறை அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தாள். அம்மா அதைப் பொறாமை என்றாள், நாவூறு என்றாள், மிளகாய் சுற்றினாள்.

வகுப்பில் அவள் உள்ளே வரும்போது பின்வரிசை வாங்கிலிருந்து 'புஸ்ஸ்ஸ்' என்று புகை விடும் சத்தம் வரும். பெயர் போய் அன்னம் ஆகிவிட்டாள். ஒருநாள் கணக்குப் படிப்பிக்கிற சேர் கரும்பலகையைப் பார்த்தபடியே, "அன்னம், பதினேழாம் கணக்குக்கு விடை சொல்லும்" என்றார். பாவம், அதுதான் அவளுடைய பெயர் என்று நினைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஆரணி அந்தப் படியேறவில்லை.

வீட்டில் சொல்லவுமில்லை. நாலு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, றெயில் பாதையைக் கடந்து, கடற்கரைக் கல்லில் போய் உட்கார்வாள். சுற்றிவரக் குடைக்குள் காதலர்கள். குடையில்லாமல் ஆரணியும் சைன், கோசும். போனில், யூரியூபில், மட்டக்களப்புப் பக்கத்துச் சேர் ஒருவர் திரிகோணகணிதம் படிப்பிப்பார். அவருக்குப் பின்னால் ஒரு மின்விசிறி கறகறவென்று சுற்றும். றெயில் வந்தால் சேர் வாயசைப்பார், ஒன்றும் கேட்காது. திருப்பிப் போட்டால் சலிக்காமல் திரும்பவும் சொல்லுவார். ஒருதரமும் அவர் அவளை அன்னம் என்று கூப்பிடவில்லை. என்ன, அவர் ஏற்றியிருந்தது திரிகோணகணிதம் மட்டும்தான். தவணைப் பரீட்சையில் கணக்குக்கு நாற்பத்தொன்று வந்தது. திரிகோணகணிதத்துக்கு முழுப்புள்ளி, மற்றதெல்லாம் கடலோடு போயிற்று.

பரீட்சை முடிவும், மூன்று கிழமையாக மகளைக் காணவில்லை என்ற குறூப் கிளாஸ் சேரின் தொலைபேசி அழைப்பும் ஒரே நாளில் வந்தன. அம்மா வழக்கை விசாரிக்கவே இல்லை. குற்றவாளி போன் என்று நேரே முடிவுக்கு வந்தாள். பரீட்சை முடியும்வரை போனைப் பறிப்பதென்றும், அதைக் குடும்பமாகக் கூடிச் சொல்வதென்றும், ஞாயிறு ஆறரைக்கு ஸூமில் கூட்டம் என்றும் குறூப்பில் அறிவித்தல் வந்தது. கீழே பெரியப்பா கட்டைவிரல் போட்டிருந்தார். அடுத்த நிமிடம், பழக்கதோஷத்தில், அன்னமும் போட்டார்.

ஆரணிக்குப் போன் போவதுகூடப் பெரிதில்லை. போனாலும் அந்த வீடியோ அங்கேயே இருக்கும். போனில்லாதவளாக வகுப்புக்குப் போனாலும் அன்னமாகத்தான் போகவேண்டும். அந்த வீடியோ இறங்காமல் அவளால் அந்த வாங்கில் போய் இருக்க முடியாது. கூட்டத்துக்கு முதல்நாள், சயன்ஸ் நோட்ஸ் வாங்கவென்று சொல்லி, மட்டக்குளி பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனையில் இறங்கினாள். றொஷேல் அந்தப் பகுதிப் பிள்ளை. வீடியோக்காரர் ரெனால்ட் அவர்களுடைய கோயிலில் பாடுகிறவர். அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

பார்மசிக்கு மேல்மாடியில் ஸ்ரூடியோ. நுழைந்ததும் மூலையில் பொலித்தீன் போர்த்தபடி ஒரு மயில் நின்றது. நீலம் அடித்து, பின்பக்கம் பெரிய தோகை. ஆனால் கழுத்து ஆரணிக்குத் தெரிந்த கழுத்து. குனிந்து பார்த்தாள். ஒரு சில்லு கோணல். மூன்று வருடத்தில் அன்னம் வேறு சாதிப் பறவையாகி முன்னேறிவிட்டது. அவள்தான் இன்னும் அதன்மேல் இருக்கிறாள்.

அலுமாரி நிறைய ஹார்ட் டிஸ்க். ஒவ்வொன்றிலும் வெள்ளை நாடா ஒட்டி மார்க்கரால் எழுதியிருந்தது. பாரிஸ் – பல்லக்கு. சூரிச் – குதிரை வண்டி. லண்டன் – தாமரை. இரண்டாம் தட்டில், ரொறன்ரோ – அன்னம்.

"இதில என்ர பேர் எங்க, அங்கிள்?"

ரெனால்டுக்கு அந்தக் கேள்வி விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "பேர் போட்டா தேட ஏலாது மகள். ஒரே பேர்ல நாலு பிள்ளைங்க வரும். ஓடர் எந்த நாட்டுல இருந்து வந்திச்சோ அத போட்டா டக்குண்டு எடுக்கலாம்."

ஆரணி அலுமாரியைத் திரும்பவும் பார்த்தாள். நாற்பது, ஐம்பது இருக்கும். ஒவ்வொரு பல்லக்குக்குள்ளும் ஒருத்தி. ஒவ்வொருத்தியும் இப்போது எங்கேயோ ஒரு வகுப்பில் தலைகுனிந்து இருக்கிறாள். வரும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் வந்தாள். அந்த நாடாக்களைப் பார்த்த பிறகு வெட்கம் எங்கேயோ போய், அந்த இடத்தில் கோபம் வந்து சப்பாணி கட்டி உட்கார்ந்தது.

வீடியோவை எடுக்கச் சொன்னாள். ரெனால்ட் தலையைச் சொறிந்தார். ஏற்றச் சொன்னவர் எடுக்கச் சொன்னால்தான் எடுக்கலாம் என்றார். ரொறன்ரோ அண்ணர் அதற்குப் பிறகு ஓடர் கொடுக்க அனுப்பிய ஆட்களே ஆறேழு பேர் என்பதையும் மறைக்கவில்லை. பிறகு கதிரையை விட்டெழும்பி அந்த டிஸ்க்கை எடுத்தார்.

"எடுக்கச் சொல்லி வந்து கேட்ட முதல் பிள்ளை நீ தான். மத்த எல்லாரும் இன்னும் கொஞ்சம் வெள்ளையா காட்ட சொல்லித்தான் வருவாங்க. அத எடுக்க எனக்கு அவர்ட பேச்சு வேணும். ஆனா உன்ட மூஞ்சிய உனக்குத் தர நான் யார்ட்டயும் கேக்கத் தேவல்ல."

வெட்டாத ஆறு மணித்தியாலப் படத்தையும் பிரதி பண்ணிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அன்று பின்னேரமே அதைப் பார்க்கத் தொடங்கினாள். ரெனால்ட் வெட்டி எறிந்ததில்தான் உண்மையான கலியாணக்களை இருந்தது. பெரியப்பா படியேறி வரும் காட்சியை ஐந்து தரம் எடுத்திருக்கிறார்கள். வெள்ளவத்தை வெக்கையில் கோட் சூட்; நாலாவது தரம் தலைமயிர்ச் சாயம் கரைந்து கிருதாவால் இறங்கி, கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு. அவர் அதைத் துடைக்கப்போக, மீசை காதுவரை நீண்டது. அதே கையோடு கண்ணாடியைக் கழற்றி, கமராவைப் பார்த்து, மெல்லச் சிரித்தார். ஆரணி கட்டிலில் விழுந்து சிரித்தாள். எழும்பி, அதை நாற்பது விநாடியாக வெட்டினாள். புகை போட்டாள். வண்ணத்துப்பூச்சி விட்டாள். தொழில் தெரிந்தவள்.

பிறகு அன்னம் நுழைகிற பகுதி வந்தது. இது பக்கவாட்டில் நின்ற இரண்டாவது கமரா. புகைக்கு மேலாகப் பார்க்கிறது. பின்னால் தள்ளுகிற இரண்டு பேரில் ஒருவர் மண்டபத்துப் பணியாள். மற்றவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தக் கோணல் சில்லுப் பக்கமாகத் தோளைக் கொடுத்து, ஒரு கையால் அன்னத்தின் வாலையும் மறுகையால் மகள் இருந்த பலகையையும் பிடித்தபடி, மூச்சு வாங்க வாங்க வந்தார். அந்த முதுகை அவளுக்குத் தெரியும். இரண்டு விநாடி முதுகு.

அந்த இடத்தில் அவள் சிரிக்கவில்லை.

ஞாயிறு ஆறரைக்குக் கூட்டம் கூடியது. ரொறன்ரோவில் அப்போது காலை. பெரியப்பா குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் வீற்றிருந்தார். பாரிஸ் மாமி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். லண்டன் சித்தப்பாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. இங்கே அம்மா செற்றியில் சாய்ந்திருந்தாள். அப்பா வழக்கம்போலப் போன் பிடிக்கிற வேலையில். எல்லோரையும் காட்டிக்கொண்டு தான் மட்டும் படத்தில் இல்லை. ஆரணி தன் போனிலிருந்து தனியாக இணைந்து, எதிரே முக்காலியில் இருந்தாள்.

பெரியப்பா பத்து நிமிடம் பேசினார். இந்த இன்டர்நெட் வந்துதான் பிள்ளைகள் கெட்டது, இது இல்லாமலே தாங்களெல்லாம் மனிதரானது, ஒரு மனிதனுக்கு இது தேவையே இல்லை என்பது சாரம். நடுவில் இரண்டு தரம் இணைப்பு அறுந்தது. அப்போதெல்லாம் மூன்று நாட்டிலும் பெரியவர்கள் "கேக்குதோ, கேக்குதோ" என்று, கிணற்றுக்குள் விழுந்தவர்கள் மாதிரித் தவித்தார்கள்.

அவர் முடித்ததும் ஆரணி சொன்னாள். வகுப்புக்கு ஏன் போகவில்லை என்பதைச் சொன்னாள். புகைச் சத்தத்தைச் செய்தே காட்டினாள். ஸ்டிக்கர் பாராட்டில்லை, பழிப்பு என்றாள். "அதைத்தான் பெரியப்பா நீங்கள் காலமை காலமை எல்லாருக்கும் அனுப்பிறியள். என்ர வயசுப் பெடியன் ஒருவன் என்னைப் பகிடி பண்ணினவன். நீங்கள் எண்பத்துநாலு பேர் சேர்ந்து அவனுக்கு உதவி செய்யிறியள்."

பாரிஸில் கிழங்கு சீவுவது நின்றது. அம்மா தன் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

பெரியப்பா விடவில்லை. பொறாமைக்காரருக்குப் பயந்து நல்ல காரியத்தின் படத்தை எடுப்பதா, எத்தனை பேர் பார்த்து மெச்சியிருக்கிறார்கள், பிள்ளைக்குத்தான் மனத்தைரியம் காணாது என்றார். அப்போதுதான் ஆரணி திரையைப் பகிர்ந்தாள்.

நாற்பது விநாடி. புகை, வண்ணத்துப்பூச்சி, நீளும் மீசை. லண்டன் நெற்றி குலுங்கியது. பிறகு அவசரமாக மியூட் ஆனது.

"இதை ஆருக்கும் அனுப்பிப்போடாதை பிள்ளை" என்றார் பெரியப்பா. குரல் இறங்கியிருந்தது. "இஞ்ச என்னோட வேலை செய்யிறவை கண்டால் என்ன நினைப்பினம்."

"எனக்கும் என்னோட படிக்கிறவை இருக்கினம், பெரியப்பா."

"நீ என்ன, என்னை வெருட்டுறியோ?"

"இல்லை. எப்பிடி இருக்குமெண்டு காட்டினனான்." எல்லோரும் பார்க்கத்தக்கதாக அதை அழித்தாள். குப்பைத்தொட்டியையும் திறந்து, அங்கிருந்தும் அழித்தாள். கையில் தயாராக இருந்த ஒரே துருப்பையும் எறிந்துவிட்டு வெறுங்கையோடு இருப்பது கொஞ்சம் மடைத்தனமாகத்தான் பட்டது. ஆனாலும் அந்த மீசையோடு மூன்று வருடம் அவரை அலையவிட அவளுக்கு மனம் வரவில்லை.

பெரியப்பா பின்பக்கம் திரும்பினார். பிறகு, குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துச் சொல்வதுபோல, "நான் ஞாயிறு ஞாயிறு அதைப் பார்க்கிறனான்" என்றார். "இஞ்ச வேற என்னத்தைப் பார்க்கிறது."

 இதை ஆரணி எதிர்பார்க்கவில்லை. ஆனால் இரக்கம் வந்தவுடன் விட்டுக்கொடுத்துவிடுகிற குடும்பம் அவர்களுடையது. அப்படி விட்டுக்கொடுத்துத்தான் அன்னத்திலேயே ஏறினாள்.

"முழுசா ஆறு மணித்தியாலம் அனுப்புறன் பெரியப்பா. நல்ல குவாலிட்டி. உங்கட வீட்டுக்குள்ள வைச்சு எத்தினை தரமெண்டாலும் பாருங்கோ. றோட்டில வைக்காதேங்கோ."

"முதல்ல போனை அம்மாட்டைக் குடு. பிறகு கதைப்பம்."

"தரமாட்டன்."

அம்மா வாயெடுத்தாள். அதற்குள் படம் ஆடியது. செற்றி போய், மின்விசிறி வந்து, கூரை வந்து, கடைசியில் ஒரு முகம் வந்து நின்றது. அப்பா போனைத் தன் பக்கம் திருப்பியிருந்தார். இவ்வளவு காலமும் எத்தனையோ கூட்டம் நடந்திருக்கிறது. ரொறன்ரோ அவரை நேரே பார்ப்பது அன்றுதான்.

"அண்ணை, அண்டைக்கு அந்த அன்னத்தைத் தள்ளினது நான். ஒரு சில்லுப் பிழை. பிள்ளையை விழுத்திப்போடுவனோ எண்டு பயந்து பயந்து தள்ளினனான்." கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார். "அவள் இறங்கி மூண்டு வருஷம். நாங்கள்தான் இன்னும் ஏத்தி வைச்சிருக்கிறம். எடுக்கச் சொல்லுங்கோ."

பெரியப்பாவின் படம் அப்படியே நின்றது. இணைப்பு உறைந்ததா, மனிதர் உறைந்தாரா தெரியவில்லை. பிறகு அந்தப் பெட்டி கறுப்பாகி மறைந்தது. பாரிஸ் மாமி, கிழங்கு அடிப்பிடிக்கப் போகுது என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்னும் அடுப்பிலேயே வைக்காத கிழங்கு.

எல்லோரும் போனபின் அம்மா பழக்கத்தில் கையை நீட்டினாள். ஆரணி போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "அது குற்றவாளி இல்லையம்மா. சாட்சி. கணக்கில நாற்பத்தொண்டு எடுத்தது நான். அதுக்கு என்னைப் பிடியுங்கோ."  அம்மா மடியில் கவிழ்ந்து கிடந்த தன் போனை எடுத்து நீட்டி, அந்த ஸ்டிக்கரை எப்படி அழிப்பதென்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை வீடியோ இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வெறுமை. ஆரணி அதை நாலைந்து தரம் திறந்து ரசித்தாள். அவள் இதுவரை பார்த்ததில் சிறந்த படம் அதுதான். அடுத்த நாள் விடிய, குடும்ப குறூப்பில் பெரியப்பாவின் காலை வணக்கம் வந்தது. ஒரு ரோசாப்பூ. பனித்துளி வைத்த, உலகத்தில் ஒருவரையும் நோகடிக்காத, மகா மட்டமான ரோசாப்பூ. ஆரணி அதற்கு இதயம் போட்டாள்.

அன்று நாலு மணிக்கு அவள் குறூப் கிளாஸ் படியேறினாள். ஸ்டிக்கர் செத்திருக்காது என்று அவளுக்குத் தெரியும்; அதை இனி ஒருவராலும் பிடிக்க முடியாது. உள்ளே கால் வைத்ததும் பின்வாங்கிலிருந்து 'புஸ்ஸ்ஸ்' வந்தது. போய் முன்வாங்கில் இருந்தாள். சேர் வரவுக் கொப்பியைத் திறந்தபடியே, "அன்னம்" என்று தொடங்கினார்.

"ஆரணி, சேர்" என்றாள். "நவரத்தினம் ஆரணி. கொப்பியில இருக்கு."

சேர் கொப்பியைப் பார்த்தார். உண்மைதான், இருந்தது.

இடைவேளையில் தனுஷனிடம் போனாள். தன் போனை அவன் முன் வைத்தாள். கடற்கரைக் கல்லில் இருந்த நாட்களில் அவள் திரிகோணகணிதம் மட்டும் தேடவில்லை. அந்த வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். அவர்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு கோலத்தில் யூரியூபில் கிடந்தார்கள். தங்களுக்கென்று ஒரு போன் கிடைப்பதற்கு வருடக்கணக்கு முன்னமே பெரியவர்கள் அவர்களை ஏற்றி வைத்திருந்தார்கள். தனுஷன் நாலு வயதில் கிருஷ்ணர். மயிலிறகு ஒரு கண்ணை மறைக்க, புல்லாங்குழலை எறிந்துவிட்டு, வெண்ணெய்ப் பானைக்குள் தலையை விட்டு அழுதுகொண்டிருந்தார்.

தனுஷனின் முகம் போன போக்கு கிருஷ்ணரைவிட மோசமாக இருந்தது. அவள் என்ன செய்யப்போகிறாள் என்று காத்திருந்தான்.

"ஸ்டிக்கர் செய்ய எனக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஆரணி போனை எடுத்துக்கொண்டு போய்ப் பதினேழாம் கணக்கைச் செய்தாள்.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு அவன் படியடியில் நின்றான். சைக்கிளின் மணியைத் தட்டுவதும் விடுவதுமாக இருந்தான். ஸ்டிக்கரை அழித்துவிட்டதாகச் சொன்னான். மற்றவர்களையும் அழிக்கச் சொல்லியிருக்கிறானாம். ஆரணி நம்பவுமில்லை, நம்பாமல் விடவுமில்லை. காலி வீதிப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

"உன்ர வீடியோவை யூரியூபில இருந்து எப்பிடி எடுப்பிச்சனீ?" என்று பின்னால் குரல் கேட்டது. நல்லாய்த் தாழ்ந்த குரல்.

ஆரணி நின்றாள். பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். பல்லுக் கம்பி எல்லாம் எப்போதோ கழற்றியாயிற்று. வாயைத் திறந்தே சிரித்தாள்.

"முதல்ல இதைச் சொல்லு" என்றாள். "உன்ர பெரியப்பா எந்த நாடு?"